இருபத்தேழு வயதில் 150/96: பி.பி. எண்ணை எப்படிப் படிப்பது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆரோக்கியமும் நாமும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார் செயலாளர். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. ஆனால் 14 வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன், கேள்வி கேட்டுக் கேட்டு என் டாக்டரின் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். அந்த அளவில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்கிறேன்: இளவயதில் பி.பி. எண் அதிகமாக வந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது.

போன மாதம் இதே ஹாலில் மருத்துவ முகாம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் 40 வயதுக்குக் கீழே இருக்கும் ஏழெட்டு பேருக்கு "பி.பி. அதிகம், டாக்டரைப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே எனக்கு போன் வர ஆரம்பித்தது. பேசியவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், "சார், பையனுக்கு 27 வயசுதான், 150/96-னு எழுதியிருக்காங்க, ஏதாவது ஆயிடுமா?" என்று அழாத குறை. இன்னொரு ரகம், "இந்த வயசுல பி.பி.யாவது ஒண்ணாவது, ஆபீஸ் டென்ஷன் சார், லீவு போட்டாச் சரியாயிடும்" என்று சிரிப்பு. இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். அந்தச் சீட்டு ஒரு நாளைய பேலன்ஸ். ஒரு நாளைய பேலன்ஸை வைத்து நான் யாருக்கும் கடன் சிபாரிசு செய்ததும் இல்லை, யாரையும் திவால் என்று சொன்னதும் இல்லை. ஆறு மாத ஸ்டேட்மென்ட் எங்கே என்றுதான் கேட்போம்.

முதலில் அந்த இரண்டு எண்கள். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். பாதரசத்தை எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் என்ற கணக்கு அது. மெஷினில் பாதரசம் போய்விட்டாலும் கணக்கு மாறவில்லை.

நம் தலைமுறை ஆட்கள் மேல் எண்ணை மட்டுமே பார்ப்போம். "138 தானே, ஒண்ணுமில்லை" என்போம். கீழே 94 என்று இருப்பது கண்ணில் படாது. இளையவர்களுக்கு இது ஆபத்தான பழக்கம். வயதானால் பெரிய ரத்தக் குழாய்கள் விறைத்துப் போகின்றன. அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கவும் செய்யும். இளவயதில் பெரிய குழாய்கள் இன்னும் நெகிழ்வாக இருக்கும். சிறிய குழாய்கள் இறுகிப் போவதுதான் பிரச்சினை. அது கீழ் எண்ணில்தான் முதலில் தெரியும். முப்பது வயதுக்காரருக்கு 134/95 வந்தால் அது நல்ல எண் அல்ல.

"வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் நார்மல்" என்ற பழைய கணக்கையும் விட்டுவிடலாம். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பச் சாதகமானது. 160-க்கு மேல் போனாலும் நார்மல் என்று சொல்லும்! டாக்டர்கள் இப்போது அப்படிப் பார்ப்பதில்லை.

எது அதிகம் என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் நாட்டு வழிகாட்டுதலில் டாக்டர் அறையில் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் உயர் ரத்த அழுத்தம். அமெரிக்காவில் 2017-ல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கிவிட்டார்கள். போனில் இருக்கும் ஆப் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கைப் பின்பற்றும். அதனால்தான் 132/82 வந்ததும் சிவப்பு எழுத்தில் "ஸ்டேஜ் 1" என்று பயமுறுத்துகிறது. ஒரே தொகைதான், ஒரு வங்கியில் மினிமம் பேலன்ஸ் இருக்கிறது என்பார்கள், பக்கத்து வங்கியில் அபராதம் பிடிப்பார்கள். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வித்தியாசம். 130-லிருந்து 139 வரை இருப்பவர் சாப்பாடு, எடை, தூக்கம் மூன்றையும் அன்றைக்கே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது இரண்டு நாட்டு டாக்டர்களும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

இனி அளக்கும் விதம். இதில்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் நம் குடியிருப்பில் பாதி பி.பி. இங்கேதான் உண்டாகிறது.

சங்க அலுவலகத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. அதில் எப்படிப் பார்க்கிறோம்? லிஃப்ட் வருவதற்குள் எட்டிப் பார்த்து, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டு, மேலாளரிடம் "மெயின்டெனன்ஸ் எதுக்கு ஏத்துனீங்க?" என்று சண்டை போட்டுக்கொண்டே பட்டனை அழுத்துகிறோம். 120 வந்தால்தான் அதிசயம்.

பேசினாலே மேல் எண் பத்துப் புள்ளி ஏறக்கூடும். கை எங்கே இருக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. மேஜையில் இதய மட்டத்துக்குக் கையைத் தாங்கி வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 புள்ளி, பக்கவாட்டில் தொங்கவிட்டால் ஆறரைப் புள்ளி கூடுதலாகக் காட்டியது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், கால் மேல் கால் போட்டாலும் ஏறும். காபி குடித்து, சிகரெட் பிடித்து அரை மணி நேரம் ஆகாமல் பார்த்தாலும் ஏறும். நாலு மாடி படியேறி வந்து பார்த்தால் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது பட்டை. இது ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கும், சற்று உடம்பானவர்களுக்கும். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பொதுவாக 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். உங்கள் கைச் சுற்றளவு 36 என்றால் அந்தப் பட்டை இறுக்கிப் பிடித்து இல்லாத பி.பி.யைக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் எண் ஏறக்குறைய 20 புள்ளி கூடுதலாகக் காட்டும் என்று 2023-ல் வெளிவந்த ஒரு பரிசோதனை சொல்கிறது. இருபது புள்ளி என்பது ஒரு மனிதரை நோயாளியாக்கப் போதும். பட்டை வைத்து அளக்கும் முறையை 1896-ல் கண்டுபிடித்த இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சியின் முதல் பட்டையே ரொம்பக் குறுகல். அதை அகலமாக்க வேண்டும் என்று சில வருடத்தில் இன்னொருவர் காட்ட வேண்டியிருந்தது. தையல்காரர் டேப் எல்லோர் வீட்டிலும் இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். மணிக்கட்டு மெஷின், வாட்ச் இவற்றில் வரும் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சரியாக அளப்பது இப்படி. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க, பாதம் தரையில் பட, கை மேஜையில் இருக்க, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சும்மா என்றால் போனும் இல்லாமல். வெறும் கையில் பட்டை. ஒரு தடவை பாருங்கள், ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்னால் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை அடித்துவிடுங்கள், அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு படபடப்பு இருக்கும். மிச்சம் ஆறு நாள், நாளைக்கு நான்கு, மொத்தம் 24 எண்கள். மேல் எண்களைக் கூட்டி 24-ஆல் வகுங்கள், கீழ் எண்களையும் அப்படியே. வீட்டுச் சராசரிக்குக் கோடு கொஞ்சம் கீழே: 135/85. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிடிக்காத எண்ணை எழுதாமல் விடக் கூடாது. கணக்கை நமக்குச் சாதகமாக எழுதினால் ஆடிட்டர் வரும்போது தெரிந்துவிடும். இங்கே ஆடிட்டர் கொஞ்சம் தாமதமாக வருவார், அவ்வளவுதான்.

முகாமில் சீட்டு வாங்கியவர்களில் ஒரு தம்பிக்கு 156/98. வீட்டில் ஏழு நாள் எழுதினார். சராசரி 126/80. டாக்டரைக் கண்டால் மட்டும் ஏறும் பி.பி. அது, "வெள்ளைக் கோட்டு பி.பி." என்றே பெயர். மாத்திரை வேண்டாம், ஆனால் வருடம் ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும், பின்னாளில் நிஜமான பி.பி. ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவருக்கு அதிகம் என்றார் டாக்டர். அதே முகாமில் 33 வயதுப் பெண் ஒருவருக்கு 132/84, சீட்டே தரவில்லை. வீட்டில் மாமியாரின் மெஷின் இருக்கிறதே என்று விளையாட்டாக எழுத ஆரம்பித்தவருக்குச் சராசரி 143/92. இது மறைந்திருக்கும் பி.பி. இரண்டாவது ரகம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரும் தேடாத பி.பி. அது.

ஏன் தேடுவதில்லை? தமிழில் நாம் "எனக்கு பி.பி. ஏத்தாதே" என்று பேசிப் பழகிவிட்டோம். கோபம், படபடப்பு, தலைவலி, தலைசுற்றல் இருந்தால்தான் பி.பி. என்று மனதில் பதிந்துவிட்டது. அமைதியாகச் சிரித்துக்கொண்டு கேரம் ஆடும் பையனுக்கு 150/100 இருக்கும், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு பி.பி. என்று அதில் வந்தது. உலகம் முழுக்க பி.பி. உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் உறவில் ஒரு பையன். பெயர் வேண்டாம். 26 வயதில் கம்பெனி செக்கப்பில் 150/100 வந்தது. நைட் ஷிஃப்ட், தூக்கம் இல்லை, அதனால்தான் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அடுத்த வருடமும் அதே. அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை சாப்பிடும் மாப்பிள்ளை என்றால் யார் கொடுப்பார்கள் என்று ரிப்போர்ட் அலமாரிக்குள் போனது. 28 வயதில் கால் வீங்கி டாக்டரிடம் போனபோது யூரினில் புரதம் போவது தெரிந்தது. சிறுநீரகத்தில்தான் நோய், பி.பி. அதன் அறிகுறி. பிறகு பி.பி. தானும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. இப்போது நெஃப்ராலஜிஸ்ட் பார்க்கிறார், வேலைக்குப் போகிறான், கல்யாணமும் ஆயிற்று. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் போன சிறுநீரகச் செயல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு 50 வயதில் பி.பி. வந்தபோது டாக்டர் பெரிதாக ஆராயவில்லை. இளைஞர்களுக்கு "ஏன்?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தனிக் காரணம் கிடைக்காது. பரம்பரை, எடை, உப்பு, உட்கார்ந்தே வேலை என்றுதான் முடியும். ஆனால் ஒரு காரணம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு எங்கள் வயதைவிட உங்கள் வயதில் அதிகம். சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பது, அட்ரினல் சுரப்பி, தைராய்டு, பிறவியிலேயே இதயத்திலிருந்து வரும் பெரிய குழாயில் ஒரு குறுகல் என்று பல இருக்கின்றன. யூரின், கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, ஈ.சி.ஜி. என்று டாக்டர் எழுதினால் "பி.பி.க்கு எதுக்கு இவ்வளவு டெஸ்ட்?" என்று கேட்க வேண்டாம். இரண்டு கையிலும் பி.பி. பார்ப்பார், காலில் நாடி பார்ப்பார். பார்க்கட்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் ஒரு காரணம்.

மெடிக்கல் ஷாப்பிலும் காரணம் இருக்கும். அடிக்கடி போடும் வலி மாத்திரைகள், அதாவது இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை. மூக்கடைப்புக்கான ஜலதோஷ மாத்திரை. கருத்தடை மாத்திரை. ஸ்டீராய்டு; ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியும் இதில் சேரும். எனர்ஜி டிரிங்க். இருமலுக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் மெல்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அது பொட்டாசியத்தைக் குறைத்து பி.பி.யை ஏற்றும். நாட்டு மருந்து என்பதால் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

உப்புக்கு ஒரு கிளார்க் கணக்கு சொல்கிறேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டில் 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீருகிறது? இதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், ஸ்விக்கியில் வரும் பிரியாணி எதுவும் சேரவில்லை. இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

ஒரு கெட்ட பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பையனுக்கோ பெண்ணுக்கோ பி.பி. என்றதும் அப்பா தன் ஸ்ட்ரிப்பிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். டெல்மிசார்டான், எனலாபிரில் போன்ற மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் குழந்தைக்குக் கேடு செய்யும். கல்யாணமான பெண்ணுக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார். கர்ப்பிணிக்கு 140/90 வந்தால் ஏழு நாள் நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டர்.

அதே போல யாருக்கானாலும் 180/120 வந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அத்துடன் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போதல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. எஃப்.டி. எங்கே இருக்கிறது, நாமினி யார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு எந்த வயதில் பி.பி. வந்தது என்று சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் அப்பா பக்கவாதத்தில் போனாரா, எந்த வயதில்? டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பையன் "தெரியாது, அப்பா ஏதோ மாத்திரை சாப்பிடுவார்" என்பான்.

கல்யாணத்துக்காக மறைப்பது பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு; சபையில் முழுதாகச் சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸுக்காக மறைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பிரபோசல் ஃபாரத்தில் பி.பி. இல்லை என்று கையெழுத்துப் போட்டு, பிறகு பழைய ரிப்போர்ட் வெளியே வந்தால் க்ளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு அதுவே காரணம் ஆகும். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டுவது எவ்வளவோ மேல்.

நம் செக்யூரிட்டி தம்பிகளும் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான். பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, இரவு வேலை, கடைச் சாப்பாடு. முகாம் நடந்தபோது அவர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்குப் பட்டை கட்டவில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

கடைசியாக, நடைமுறை. மெஷினை லிஃப்ட் பக்கத்திலிருந்து எடுத்து நூலக அறைக்கு மாற்ற செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேஜை, முதுகு சாயும் நாற்காலி போட்டாயிற்று. பெரிய பட்டை ஒன்று வாங்கப் பொருளாளர் இன்று அனுமதி கொடுத்தால் நன்றாக இருக்கும், தலையாட்டுகிறார், நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 முதல் 8.30 வரை நான் அங்கே இருப்பேன். எப்படி அளப்பது என்று காட்டுவேன், 24 எண்ணைக் கூட்டி வகுத்தும் தருவேன்; மாத்திரை பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். தேதி, நேரம், மேல், கீழ், நாடி என்று கோடு போட்ட நோட்டுகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, செக்யூரிட்டி தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். பேனா நீங்கள் கொண்டு வர வேண்டும். நூல் கட்டிய பேனா எங்கள் கவுண்டரோடு போயிற்று.